ஜோய்நகர் மோவா வாங்கச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொல்கத்தாவுக்குத் தெற்கே, தெற்கு 24 பர்கனா மாவட்டத்தில் இருக்கும் ஜோய்நகர் மஜில்பூர் என்ற சிறு நகரம், மோவா என்னும் இனிப்பு உருண்டையால் வங்காளம் முழுவதும் பெயர் பெற்றது. 2015ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் இதைச் சுவைத்துவிட்டு, ‘இதற்கா இத்தனை பேச்சு?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களில் பலர் காலம் தவறிப் போனவர்களாகவே இருப்பார்கள்.

ஆண்டு முழுவதும் கிடைக்கும் பலகாரமாக மோவாவை எண்ணுவதே பெரிய தவறு. இதற்கு வேண்டிய முதன்மையான இரு பொருள்களும் குளிர்காலத்துக்கு உரியவை. ஒன்று, கனகசூர் என்ற மணமுள்ள நெல்லைச் சூடான மணலில் இட்டுப் பொரித்த நெற்பொரி. மற்றொன்று, ஈச்ச மரத்துச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் ‘நொலேன் குர்’ எனப்படும் புது வெல்லம். சியூலி என்று அழைக்கப்படும் மரமேறிகள், மட்டைகளுக்குக் கீழே மரத்தைச் சீவி, மூங்கில் சிம்பு ஒன்றைச் செருகி, மாலையில் மண் கலயத்தைக் கட்டிவிட்டு, விடிவதற்கு முன்பே இறக்கிவிடுகிறார்கள். குளிர் மிகுந்து வானம் தெளிந்த இரவில் நல்ல சாறு ஊறும்; வெயில் ஏறினால் புளிக்கத் தொடங்கிவிடும். எனவே டிசம்பரும் ஜனவரியுமே போக ஏற்ற மாதங்கள். சித்திரையில் போய்க் கேட்டால் உண்மையான மோவா கிடைக்காது.

அதிகாலையில் இறக்கிய பச்சைச் சாற்றை ஆசைப்பட்டு அங்கேயே குடிப்பதையும் தவிர்க்க வேண்டும். இரவில் பழந்தின்னி வௌவால்கள் கலயத்தில் வாய் வைப்பதால் நிபா வைரஸ் சாற்றில் கலக்கக்கூடும். பங்களாதேஷில் அந்நோய் பரவியதற்குப் பச்சை ஈச்சஞ்சாறு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டிருக்கிறது. நன்கு காய்ச்சிய வெல்லத்தில் இந்த அச்சம் இல்லை.

அடுத்து, பெட்டியின் மேல் அச்சிட்ட ஊர்ப்பெயரை மட்டும் நம்பி வாங்குவது. சாதாரணப் பொரியைச் சர்க்கரைப் பாகிலும் செயற்கை மணத்திலும் புரட்டி, அதே பெயரில் விற்பவர்கள் இருக்கிறார்கள். மேலே பதித்த முந்திரியையும் திராட்சையையும் பார்த்து மயங்காமல், ஒன்றைக் கையில் எடுத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். வெல்லம் ஊறி இளகிய பொரி, நெய்யும் கோவாவும் சேர்ந்த ஈரத்தோடு விரலுக்கு இடையே உதிர வேண்டும். பொரி உருண்டை போலக் கடிபடுவது நல்ல மோவா ஆகாது.

கொல்கத்தாவின் சியால்டா ரயில் நிலையத்திலிருந்து லட்சுமிகாந்தபூர் செல்லும் ரயிலில் ஜோய்நகருக்கு முந்தைய நிலையமான பஹருவைப் பலர் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். மோவா பிறந்தது எங்கள் ஊரில்தான் என்பது பஹரு மக்களின் உரிமைக் குரல். என் பரிந்துரை, இரண்டு ஊர்களிலும் இறங்கிச் சுவைத்துப் பார்த்துவிட்டு வாங்குவதே.

வாங்கிய பின் குளிர்பதனப் பெட்டியில் அடைத்துவைத்தால் நெய் உறைந்து, பொரி விறைத்து, வெல்லத்தின் மணமும் அடங்கிவிடும். உருட்டிய நாளைக் கடைக்காரரிடம் கேட்டு, ஊர் திரும்பும் நாளன்று வாங்கி, வெயில் படாத இடத்தில் மூடிவைத்துச் சில நாட்களுக்குள் தின்று முடித்துவிட வேண்டும்.