தனியாக ஒரு ஜிசிசி: சிஸ்டம் கம்பைலரைத் தொடாமல் நிறுவும் முறை

சி, சி++ புரோகிராம்களை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர்தான் ஜிசிசி. உபுண்டு 22.04-இல் வருவது ஜிசிசி 11. எனக்கு வேண்டியிருந்தது சி++20-இன் ஃபார்மேட் ஹெட்டர் (எழுத்தையும் எண்ணையும் கோத்து அச்சிட உதவுவது). அது ஜிசிசி 13-இல்தான் சேர்ந்தது. சிஸ்டம் கம்பைலரைத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்கலாமே என்று கை பரபரக்கும். வேண்டாம். பழையது அதன் பாட்டுக்கு இருக்கட்டும், /ஆப்ட்-க்குள் தனியாக ஒன்றை வைத்துக்கொள்வோம்.

டெர்மினலில் புழங்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளைத் தமிழில் தந்திருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்து.

1. ஜிசிசி 13.2 சோர்ஸை இறக்கிப் பிரியுங்கள். பில்ட்-எசென்ஷியல் பேக்கேஜ் இருக்கட்டும். கம்பைலரைக் கட்டவும் ஒரு கம்பைலர் வேண்டுமே.

2. சோர்ஸ் ஃபோல்டரில் நின்று, கான்ட்ரிப் ஃபோல்டரில் உள்ள டவுன்லோட்_ப்ரிரெக்விசிட்ஸ் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். ஜிசிசிக்குத் தேவையான கணித லைப்ரரிகளான ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி எல்லாம் தானாக வந்துவிடும். ஒவ்வொன்றாகக் கட்டுவது வீண் வேலை.

3. வெளியே வந்து வேறொரு ஃபோல்டர் உருவாக்கி, அங்கிருந்து கான்ஃபிகரை ஓட்டுங்கள். மூன்று ஆப்ஷன் போதும்: --ப்ரிஃபிக்ஸ்=/ஆப்ட்/ஜிசிசி-13, --எனேபிள்-லாங்வேஜஸ்=சி,சி++, --டிஸேபிள்-மல்டிலிப். கடைசி ஆப்ஷனை விட்டால் 32 பிட் லைப்ரரி எங்கே என்று கேட்டு நின்றுவிடும்.

4. மேக் -ஜே4 (ஒரே நேரத்தில் நாலு வேலை). ஜிசிசி தன்னைத் தானே மூன்று சுற்று கட்டி, இரண்டாம் சுற்றையும் மூன்றாம் சுற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும். நான் ஓடவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

5. சூடோ மேக் இன்ஸ்டால்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். புதிய ஜி++-ஐ அதன் முழு பாதையோடு கொடுத்து, ஐஓஸ்ட்ரீம் வைத்து ‘வணக்கம்’ அச்சிடும் நாலு வரி எழுதினேன். சத்தமில்லாமல் கம்பைல் ஆனது. ஓட்டினால், ‘ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.32 நாட் ஃபவுண்ட்’! கட்டியதில்தான் கோளாறு என்று மறுபடி முதலிலிருந்து கட்டினேன். அதே பிழை. ஒரு நாள் போச்சு.

கடைசியில் எல்டிடி (புரோகிராம் எந்த லைப்ரரிகளை எடுக்கிறது என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. கட்டியது புதிய கம்பைலர். ஆனால் ஓடும்போது லோடர் (லைப்ரரிகளைத் தேடி ஏற்றுவது) எடுப்பது சிஸ்டத்தின் பழைய லிப்எஸ்டிடிசி++, அதாவது சி++-இன் அடிப்படை லைப்ரரி. அதில் 3.4.30 வரைதான் உண்டு. இரண்டு லைப்ரரிக்கும் .எஸ்ஓ.6 என்ற ஒரே பெயர் என்பதால் பார்த்த மாத்திரத்தில் தெரியாது.

தீர்வு, லிங்க் செய்யும்போதே பாதையைப் பதிந்துவிடுவது: -டபிள்யூஎல்,-ஆர்பாத்,/ஆப்ட்/ஜிசிசி-13/லிப்64. டபிள்யூ பெரிய எழுத்து, எல் சிறிய எழுத்து. ஃபோல்டர் லிப் அல்ல, லிப்64. லைப்ரரியை எங்கே தேடுவது என்று லோடருக்குச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத்தை, டெர்மினல் திறக்கும்போது ஓடும் பாஷ்ஆர்சியில் போடச் சொல்வார்கள், எனக்குப் பிடிக்காது. அந்த டெர்மினலிலிருந்து கிளம்பும் எல்லா புரோகிராமும் புதிய லைப்ரரியைத்தான் எடுக்கும்.

பின்சேர்க்கை: 4 ஜிபி ரேமில் -ஜே8 கொடுத்து, நடுவில் ‘கில்ட்’ என்று நின்றதாக ஒருவர் எழுதியிருந்தார். மெமரி போதவில்லை, -ஜே2 போடுங்கள், அல்லது ஸ்வாப்பைக் கூட்டுங்கள்.

இன்னொன்று: கட்டிய புரோகிராமை வேறு கணினிக்குக் கொடுத்தால் அங்கே /ஆப்ட்/ஜிசிசி-13 இருக்காது, ஆர்பாத்தும் உதவாது. அதற்கு லைப்ரரியைப் புரோகிராமுக்குள்ளேயே வைத்துவிடும் -ஸ்டாட்டிக்-லிப்எஸ்டிடிசி++ சேர்த்து லிங்க் செய்யுங்கள். கூடவே -ஸ்டாட்டிக்-லிப்ஜிசிசி.