கச்சா எண்ணெய் சரியும்போது எரிசக்திப் பங்கு வாங்குவது எப்படி? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

உலகச் சந்தையில் எண்ணெய் விலை இறங்குகிறது என்று செய்தி வந்தால் போதும், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் ஒரே கேள்விதான்: “அண்ணே, மணலி கம்பெனி ஷேர் இப்ப வாங்கிப் போடலாமா?” டேங்கர் லாரி ஓட்டுகிறவர் கேட்பார், டெர்மினலில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர் கேட்பார். மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் சிம்னியைப் பார்த்தே வளர்ந்ததால் கம்பெனியும் நமக்குப் பழக்கம் என்று ஒரு நினைப்பு. சிம்னியில் எரியும் நெருப்பைப் பார்த்து லாபத்தைச் சொல்ல முடியாது. கணக்கைப் பார்த்துச் சொல்லலாம். அதற்குத்தான் இந்தப் பதிவு.

நான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை. கீழே வரும் கம்பெனிப் பெயர்கள் எல்லாம் பாடத்துக்காக மட்டுமே.

படி 1: எந்தப் பணம் என்று முடிவு செய்யுங்கள்

2014 ஜூனில் உலகச் சந்தை அளவுகோலாக வைக்கும் பிரென்ட் எண்ணெய் ஒரு பீப்பாய் 115 டாலர் வரை போனது. 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே வந்தது. ஒன்றரை வருடம் இறங்குமுகம். நடுவில் 80 வந்தபோதும் 50 வந்தபோதும் “இதுதான் அடிமட்டம்” என்று நம்பி வாங்கியவர்கள் உண்டு. ஆகவே மூன்று வருடமாவது தொடத் தேவைப்படாத பணத்தை மட்டும் எடுங்கள். சீட்டு எடுத்த பணம், நகையை அடகு வைத்த பணம், வீட்டு அட்வான்ஸ் எதுவும் வேண்டாம். மொபைல் ஆப்பே “மீதிப் பணத்தை நாங்கள் தருகிறோம்” என்று மார்ஜின் கடன் நீட்டும். அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள்.

வருங்கால விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்களான ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கமும் வேண்டாம். அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் நட்டப்பட்டார்கள் என்று செபியே 2024இல் அறிக்கை விட்டது.

படி 2: டீமேட் கணக்கு

வாங்கும் பங்குகள் மின்னணு வடிவில் இருக்கும் கணக்குதான் டீமேட். பான், ஆதார், வங்கிக் கணக்கு இருந்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஒரே டீமேட் கணக்குதான் வைத்திருக்கிறீர்கள் என்றால் ‘அடிப்படைச் சேவை’ வகையைக் கேளுங்கள். 4 லட்சம் ரூபாய் மதிப்பு வரை ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது. நாமினி பெயரைக் கையோடு சேர்த்துவிடுங்கள்.

படி 3: யார் விற்கிறார், யார் வாங்குகிறார்?

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். காசிமேட்டில் வஞ்சிரம் விலை திடீரென்று சரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விசைப்படகு ஓனருக்கு அடி. மீன் வறுவல் கடைக்காரருக்குக் கொண்டாட்டம், ஏனென்றால் தட்டின் விலையை அவர் உடனே குறைக்கப் போவதில்லை. நேற்றே அதிக விலைக்கு ஏலம் எடுத்து ஐஸில் போட்டு வைத்திருக்கும் வியாபாரிக்கு, அந்தச் சரக்கு தீரும்வரை நட்டம்.

எண்ணெயிலும் இதே மூன்று பேர்தான். ஓஎன்ஜிசி, ஆயில் இந்தியா ஆகியவை எண்ணெயைத் தோண்டி எடுப்பவை. விலை சரிந்தால் வருமானம் நேராகக் குறையும். இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகியவை பங்க்கில் விற்பவை. சில்லறை விலை அப்படியே நின்றால் லிட்டருக்குக் கிடைக்கும் லாபம் கூடும். மணலியில் இருக்கும் சென்னை பெட்ரோலியம், மங்களூர் ரிஃபைனரி ஆகியவை சுத்திகரித்துக் கொடுப்பவை. மூன்றாவது ஆள் இவர்கள்தான்.

கலப்பும் உண்டு. இந்தியன் ஆயிலுக்கு பங்க்கும் இருக்கிறது, ரிஃபைனரியும் இருக்கிறது. இந்துஸ்தான் பெட்ரோலியத்தை 2018இல் ஓஎன்ஜிசி வாங்கியது. அதனால் ஓஎன்ஜிசியின் முடிவைப் படிக்கும்போது தனிக் கணக்கா, துணை நிறுவனங்களைச் சேர்த்த கணக்கா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இரண்டு கதை சொல்லும்.

இன்னொரு பொறி, ‘எரிசக்தி’ என்ற பெயரிலேயே இருக்கிறது. நிஃப்டி எனர்ஜி குறியீட்டில் என்டிபிசி, பவர் கிரிட் மாதிரி மின்சாரக் கம்பெனிகளும் உண்டு. வல்லூரில் என்டிபிசியும் நம் மின்வாரியமும் கூட்டாக நடத்தும் 1,500 மெகாவாட் நிலையம் நிலக்கரியில் ஓடுகிறது. கச்சா எண்ணெய் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? எண்ணெய்ச் சரிவை மனதில் வைத்து ஃபண்ட் வாங்குகிறவர்கள் அதன் பெயரை நம்பாமல், உள்ளே எந்தப் பங்கு எத்தனை சதவீதம் என்ற பட்டியலைப் பாருங்கள்.

படி 4: மணலியை வைத்து ஒரு கணக்குப் பயிற்சி

ஒரு தாளும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னைத் துறைமுகத்தில் பாரதி டாக்கில் கப்பல் நிற்கும். கச்சா எண்ணெய் அங்கிருந்து குழாய் வழியாக மணலிக்குப் போகும். மணலி ஆலையின் திறன் ஆண்டுக்கு 10.5 மில்லியன் டன். ஒரு டன் சுமார் 7.3 பீப்பாய். பெருக்கி 365ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2.1 லட்சம் பீப்பாய்.

இனி வருவது கற்பனைக் கணக்கு. கப்பலிலும் தொட்டியிலுமாக 20 நாள் சரக்கு இருக்கிறது, 75 டாலருக்கு வாங்கியது. அது பெட்ரோல், டீசலாகி வெளியே வருவதற்குள் கச்சா 65க்கு இறங்கி, பெட்ரோல், டீசல் விலையும் அதே அளவுக்கு இறங்கிவிட்டது. 42 லட்சம் பீப்பாய், பீப்பாய்க்கு 10 டாலர் போச்சு. 4.2 கோடி டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்றால் 357 கோடி ரூபாய். ஆலையில் ஒரு போல்ட் கூடக் கழலவில்லை, ஆனாலும் இத்தனை நட்டம். இதற்குச் சரக்கிருப்பு நட்டம் என்று பெயர். இது ஒருமுறை வந்து போவது. விலை ஏறும்போது இதுவே லாபமாகத் திரும்பி வரும்.

நிரந்தரமாகப் பார்க்க வேண்டியது ஜிஆர்எம், அதாவது ஒரு பீப்பாயைச் சுத்திகரித்தால் கைக்கு வரும் மொத்த வித்தியாசம். வருடம் முழுக்க இதில் ஒரே ஒரு டாலர் குறைந்தால் எவ்வளவு? 2.1 லட்சத்தை 365ஆலும் 85ஆலும் பெருக்குங்கள். சுமார் 650 கோடி ரூபாய். கம்பெனியின் மொத்தப் பங்குகள் ஏறக்குறைய 15 கோடி. பங்குக்கு 43 ரூபாய், வரிக்கு முன்னால். ரிஃபைனரிப் பங்கு ஏன் இப்படிக் குதிக்கிறது, விழுகிறது என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

காலாண்டு முடிவு வந்ததும் தேசியப் பங்குச் சந்தையின் தளத்தில் கம்பெனியின் அறிக்கையைத் திறந்து மூன்றை எழுதி வையுங்கள்: ஜிஆர்எம் எத்தனை டாலர், அதில் சரக்கிருப்பு லாபமோ நட்டமோ எவ்வளவு, கடன் ஏறுகிறதா இறங்குகிறதா. எட்டு காலாண்டுக்கு எழுதினால் கம்பெனியின் குணம் பிடிபட ஆரம்பிக்கும்.

டிவிடெண்டை, அதாவது லாபத்திலிருந்து கம்பெனி தரும் ஈவுத்தொகையைப் பார்த்து மயங்குகிறவர்கள் கவனிக்க: சென்னை பெட்ரோலியம் 2022-23க்குப் பங்குக்கு 27 ரூபாய் கொடுத்தது, 2023-24க்கு 55 ரூபாய், அடுத்த வருடம் 5 ரூபாய். 55ஐப் பார்த்து, வங்கி வட்டி மாதிரி வருடா வருடம் வரும் என்று கணக்குப் போட்டவர்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

படி 5: விலை ஏன் சரிந்தது?

சரக்கு பெருகி விலை சரிவது ஒன்று, வாங்க ஆளில்லாமல் சரிவது வேறொன்று. 2014இல் பாறை இடுக்கிலிருந்து எடுக்கும் அமெரிக்க ஷேல் எண்ணெய் பெருகியது, அந்த நவம்பரில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் உற்பத்தியைக் குறைக்க மறுத்தது. மலிவான எண்ணெயை ஜனங்கள் தாராளமாகப் பயன்படுத்தினார்கள், அடுத்த வருடம் ரிஃபைனரிகளுக்கு நல்ல வித்தியாசம் கிடைத்தது. 2020இல் ஊரடங்கு. வண்டியே ஓடவில்லை, கச்சா எண்ணெய் எவ்வளவு மலிந்தால்தான் என்ன? சரக்கிருப்பு நட்டமும் விற்பனைச் சரிவும் சேர்ந்தே வந்தன.

அந்த ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்க எண்ணெய் மைனஸ் 37 டாலருக்குப் போனதை இன்னும் பேசுகிறார்கள். அது காலாவதியாகப் போகிற ஒரு ஃப்யூச்சர்ஸ் ஒப்பந்தத்தின் விலை. இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் வகைகளின் கலவை விலை அந்த மாதம் சராசரியாக 20 டாலர் அளவில் இருந்தது. நீங்கள் பார்க்க வேண்டியது இந்த இந்தியக் கலவை விலையைத்தான். பெட்ரோலிய அமைச்சகத்தின் திட்டமிடல், பகுப்பாய்வுப் பிரிவு அதை இணையத்தில் வெளியிடுகிறது.

படி 6: டெல்லியையும் கணக்கில் சேருங்கள்

பங்க் விலைப் பலகையைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 2020 மே மாதம், கச்சா எண்ணெய் தரையில் கிடந்தபோது, மத்திய அரசு பெட்ரோல் மீது 10 ரூபாயும் டீசல் மீது 13 ரூபாயும் வரியைக் கூட்டியது. சரிவின் பலன் அங்கே போனது. 2022 ஏப்ரல் முதல் ஜூன் வரை, கச்சா உச்சத்தில் இருந்தும் பங்க் விலையை ஏற்றாததில் இந்துஸ்தான் பெட்ரோலியம் மட்டும் 10,000 கோடிக்கு மேல் நட்டம் காட்டியது. தோண்டுபவர்கள் மீது அதே வருடம் ஜூலையில் கூடுதல் லாப வரி விழுந்தது, 2024 டிசம்பரில்தான் எடுத்தார்கள். அரசுக் கம்பெனிப் பங்கு எப்போது பார்த்தாலும் மலிவாகத் தெரிவதற்கு என் கணிப்பில் பாதிக் காரணம் இதுதான். “பிஇ வெறும் ஆறுதான்”, அதாவது பங்கு விலை அதன் ஒரு வருட லாபத்தைப் போல ஆறு மடங்குதான் என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

படி 7: ஆர்டர் போடுவது

மொத்தத்தையும் ஒரே நாளில் போடாதீர்கள். 40,000 ரூபாய் ஒதுக்கினால் நான்காகப் பிரியுங்கள். மாதாமாதம் வாங்கச் சொல்வார்கள் பலர். எனக்கு இந்தத் துறையில் மட்டும் ஒவ்வொரு காலாண்டு முடிவும் வந்த பிறகு நான்கில் ஒரு பகுதிப் பணத்தைப் போடுவது பிடிக்கும், ஏனென்றால் படி 4இல் சொன்ன தாளில் ஒரு புது வரி அப்போதுதான் சேர்கிறது. மூன்று வகையில் குறைந்தது இரண்டாவது உங்கள் கையில் இருக்கட்டும். தோண்டுபவருக்கு விழும் அடியை விற்பவர் ஓரளவு தாங்குவார். மொத்தப் பங்கு முதலீட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய்க்குக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

ஆப்பில் ‘டெலிவரி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், அன்றே வாங்கி அன்றே விற்கும் ‘இன்ட்ராடே’ வேண்டாம். கிடைக்கிற விலைக்கு வாங்கிவிடும் ‘மார்க்கெட்’ ஆர்டருக்குப் பதில் ‘லிமிட்’ ஆர்டரில் உங்கள் விலையைப் போடுங்கள். சந்தை காலை 9:15க்குத் திறக்கும், முதல் அரை மணி நேரம் வேடிக்கை மட்டும் பாருங்கள். வாங்கிய பங்கு அடுத்த வேலை நாளில் டீமேட்டில் வந்து உட்காரும்.

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுவில் “நாளைக்கு 20 சதவீதம்” என்று வருகிறவர்களிடம் செபி பதிவு எண் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு ஆள் காணாமல் போய்விடுவார்.

படி 8: விற்பதும் வரியும்

ஏன் வாங்கினீர்கள் என்று வாங்கிய அன்றே இரண்டு வரி எழுதுங்கள். “ஜிஆர்எம் திரும்ப ஏறும் என்று வாங்கினேன்” என்றால், அது ஏறிய பிறகு விற்கலாம். நான்கு காலாண்டாக ஏறவே இல்லை, கடனும் கூடுகிறது என்றாலும் விற்கலாம். விலை இறங்கியது என்ற ஒரே காரணத்துக்காக விற்க வேண்டாம்.

ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் லாபம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஒரு வருடத்துக்குள் விற்றால் 20 சதவீதம். நட்டத்தில் விற்றிருந்தாலும் வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். அப்படிச் செய்தால்தான் அந்த நட்டத்தை அடுத்த எட்டு வருடம் வரை பங்கு லாபத்தில் கழித்துக்கொள்ள முடியும்.