சொட்டை விழுந்த புல்தரைக்குப் புல் கட்டிகள்

கோலாலம்பூர் டெரஸ் வீட்டு வாசலில் புல் அங்கங்கே சொட்டையாகிவிட்டதா? முழுத் தரையையும் பெயர்த்துப் புதுப் புல் விரிக்க வேண்டாம். வேரும் மண்ணும் ஒட்டிய இரண்டு அங்குலக் கட்டிகள் போதும். ஓரத்தில் அடர்ந்து கிடக்கும் உங்கள் புல்லிலிருந்தே வெட்டி எடுக்கலாம்.

மண்ணைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நம் பக்கத்துச் செம்மண் வெயிலில் கல்லாக இறுகிவிடும். கொத்தாமல் நான் நட்ட முதல் முறை பாதிக் கட்டிகள் காய்ந்தே போயின. அரை அடி ஆழம் கொத்தி, களையை வேரோடு எடுத்து, மணலும் மக்கிய எருவும் கலந்துவிடுங்கள். பிறகு ஒரு சாண் இடைவெளியில், தரை மட்டத்துக்குச் சமமாக வைத்துக் காலால் நன்றாக அழுத்துங்கள். அடியில் காற்று நின்றால் வேர் பிடிக்காது.

கவ் கிராஸ் எனும் அகல இலைப் புல் ஓடுதண்டு விட்டுச் சீக்கிரம் பரவும், மாமர நிழலையும் ஓரளவு தாங்கும். பிலிப்பைன் புல் அழகுதான். ஆனால் நல்ல வெயில் கேட்கும், தரையை மூட மாதக்கணக்கில் ஆகும்.

முதல் இரண்டு வாரம் தினமும் தண்ணீர் ஊற்றுங்கள். சாயங்கால இடிமழையை மட்டும் நம்பாதீர்கள். அக்டோபர், நவம்பரில் நட்டால் அந்த வேலை பாதி குறையும்.