சின்னப் படகுக்கு ஏணியா, மேடையா?

நம்ம ஊர் ஊருணியில் படித்துறை தண்ணீருக்குள்ளேயும் இறங்கிப் போகும். குளித்துவிட்டு ஏறும்போது கால் முதலில் பதிவது கண்ணுக்குத் தெரியாத அந்தப் படியில்தான். படகுக்கும் இதே கணக்கு.

தேவகோட்டையிலிருந்து தொண்டிக் கடலுக்குப் போய்வர 15, 16 அடி ஃபைபர் படகு வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: தண்ணீரில் இறங்கி ஏறப் படகின் பின்பக்கம் பொருத்தும் மேடை வேண்டாம், மடக்கு ஏணி போதும். சின்னப் படகில் எஞ்சின் ஏற்கெனவே பின்னால்தான் தொங்குகிறது. அங்கேயே மேடையும் அதில் ஒரு ஆளும் சேர்ந்தால் பின்புறம் அமுங்கி, அலை உள்ளே ஏறும். மேடை இருந்தாலும் தண்ணீரிலிருந்து அதில் ஏற ஏணி வேண்டியிருக்கும். மூட்டுவலிக்காரர்கள் உட்கார்ந்து இறங்க மேடை சுகம்தான், ஆனால் அது பெரிய படகுக்கு.

ஏணி வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள். விரித்தால் 2 அடியாவது தண்ணீருக்குள் இருக்க வேண்டும். போன கோடையில் என் அத்தை மகன் ஏறப் பார்த்தான். ஏணி தண்ணீர் மட்டத்தோடு நின்றுவிட்டது. கைகள் கம்பியைப் பிடித்திருக்க, கால் இரண்டும் படகுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போயின. கடைசியில் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினோம். பாவம், விலாவெல்லாம் சிராய்ப்பு.

உப்புத் தண்ணீருக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். வெறும் ஸ்க்ரூவில் நிறுத்தாமல், உள்பக்கம் பலகை கொடுத்து போல்ட் போடச் சொல்லுங்கள். தண்ணீரில் இருப்பவரே எட்டி இழுத்து இறக்கும்படி ஏணி இருக்கணும், தனியாக விழுந்தவருக்கு மேலிருந்து யார் இறக்கிவிடுவார்கள்?

ஆள் ஏறும்போது எஞ்சின் கட்டாயம் அணைந்திருக்கட்டும். நியூட்ரல் போதாது.