கச்சான் காத்துல பான்டூன் போட்டை ட்ரெய்லர்ல ஏத்துறது எப்படி

பான்டூன் போட்டு வச்சிருக்கவங்களுக்குத் தெரியும், கடல்ல ஓட்டுறது பெரிய வேலையே இல்ல, திரும்ப கரைக்கு வந்து ட்ரெய்லர்ல ஏத்துறப்பதான் படாத பாடு, அதுவும் ஆனி ஆடியில கச்சான், அதாவது தென்மேற்குக் காத்து, அடிக்கிறப்ப. வள்ளத்துக்கு தண்ணிக்குள்ள உடம்பு இருக்கு, அது தண்ணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். பான்டூன்ல ரெண்டு அலுமினிய உருளை மிதக்குது, மேல தளம், சுத்தி கம்பி, சீட்டு, கூடாரத் துணி. தண்ணி பிடிக்கிறது கொஞ்சம், காத்து பிடிக்கிறது பூராவும். அதனால வேகம் குறைஞ்ச உடனே பக்கவாட்டுல நழுவ ஆரம்பிச்சிரும், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புனாலும் கேக்காது.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், எம்புட்டு திறமை இருந்தாலும் தப்பான கரையில நின்னுக்கிட்டு காத்தோட மல்லுக்கட்டாதீங்க. ராமநாதபுரம் கரையில நமக்கு ரெண்டு கடல் இருக்கு, வடகடலும் (பாக் விரிகுடா) தென்கடலும் (மன்னார் வளைகுடா). மண்டபத்துல ஒரு கரையில இருந்து இன்னொரு கரைக்கு ரோட்டுல கொஞ்ச தூரம்தான். கச்சான் தென்மேற்குல இருந்து வருது, அப்ப தென்கடல்ல புதுமடம், சேதுக்கரை, ஏர்வாடி பக்கமெல்லாம் அலை நேரா கரையில மோதும். அதே நாள் வடகடல்ல அரியமான், பிரப்பன்வலசைப் பக்கம் காத்து நிலத்தைத் தாண்டி வர்றதால கரையோரம் தண்ணி படுத்துக் கெடக்கும். ஐப்பசியில வாடை எடுத்துச்சுன்னா இது அப்படியே தலைகீழ். மீன்பிடிக்கிறவங்க காலங்காலமா சீசனுக்கு சீசன் கடலை மாத்திக்கிறது இதுக்காகத்தான், அவங்களுக்குத் தெரிஞ்சதை நாமளும் எடுத்துக்கணும். காலையில போட்டை இறக்குறப்பவே சாயங்காலம் எங்க ஏத்தப் போறோம்னு முடிவு பண்ணி வண்டியை அங்க நிப்பாட்டுங்க. பாம்பன் துறைமுகத்துல எச்சரிக்கைக் கூண்டு ஏத்தியிருந்தாலோ, மீன்பிடிப் போட்டுக கடலுக்குப் போக மீன்வளத்துறை குடுக்குற அனுமதி டோக்கனைக் குடுக்கலைன்னாலோ அன்னைக்கு இறக்கவே வேணாம். முடிஞ்சா காத்து கிளம்புறதுக்கு முன்னாடி காலையிலேயே போயிட்டு வந்து ஏத்திருங்க, மத்தியானத்துக்கு மேல காத்து கூடத்தான் செய்யும்.

அடுத்தது வண்டி. நம்ம பக்கம் ட்ரெய்லர் இறக்குறதுக்குன்னு சிமெண்ட் சரிவு கிடைக்கிறது கஷ்டம், பெரும்பாலும் மணல்லதான் இறக்கணும். வடகடல் கரை ரொம்ப தட்டை, முழங்கால் தண்ணிக்கே ரொம்ப தூரம் நடக்கணும், அதனால கார், ஜீப்பெல்லாம் சரிப்பட்டு வராது, டிராக்டர்தான். இருபது அடி போட்டு இன்ஜினோட சேர்த்து கிட்டத்தட்ட ஒரு டன் வரும், அதுக்கு மேல ட்ரெய்லர் கனம் வேற, ஈர மணல்ல சக்கரம் பொதைஞ்சா தோண்டி எடுக்குறதுக்குள்ள பொழுது போயிரும். டயர்ல கொஞ்சம் காத்தை இறக்கிட்டு, சக்கரம் போற வழியில பனை மட்டையோ தென்னை மட்டையோ குறுக்க போடுங்க. கரையில கடல்புல் குமிஞ்சு கெடந்தா அது மேல வண்டியை விடாதீங்க, மேல பாத்தா மெத்து மெத்துன்னு இருக்கும், அடியில சேறு. ரோட்டுல இழுத்துட்டு வந்த உடனே ட்ரெய்லரை தண்ணியில விடவும் கூடாது, சக்கரத்தோட ஹப் (பேரிங் இருக்குற நடுப்பகுதி) சூடா இருக்கும், சட்டுன்னு குளிர்ந்தா உப்புத்தண்ணியை உள்ள இழுத்துக்கும், அரை மணி நேரம் ஆற விட்டு, லைட்டு வயரைக் கழட்டிட்டு அப்புறம் இறக்குங்க.

மணல்ல இறக்குறதுல ஒரு நல்லது இருக்கு, ட்ரெய்லரை எந்தக் கோணத்துல வேணும்னாலும் விடலாம். கரைக்கு நேரா விடணும்னு ஒண்ணும் இல்ல. போட்டு உள்ள வர்றப்ப அதோட அணியம் (முன்முனை) காத்தைப் பாத்து வர்ற மாதிரி ட்ரெய்லரைத் திருப்பி வைங்க, பாதிப் பிரச்சனை அங்கயே தீந்துரும். ஏன்னா எதிர்காத்துல போட்டு மெதுவா வந்தாலும் சொன்னபடி கேக்கும், குறுக்குக் காத்துலதான் ஓடிப் போகும்.

எவ்வளவு ஆழம் இறக்குறதுங்கிறதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. நல்லா முங்குனா சுலபமா ஏறும்னு நினைச்சு ட்ரெய்லரையே காணாம அடிச்சிருவாங்க, அப்புறம் போட்டு அது மேல மிதந்துக்கிட்டே பக்கவாட்டுல போயிரும், ட்ரெய்லர்ல உருளையைத் தாங்குற நீளக் கட்டையில உக்காரவே உக்காராது. காத்து இருக்குற நாள்ல வழக்கத்தை விட கொஞ்சம் கம்மியாவே இறக்குங்க. உருளை உக்கார்ற கட்டையோட முன்முனை தண்ணி மட்டத்துல தெரியணும், பின்பக்கம் முங்கி இருக்கணும். முன்பாதி ஏறுன உடனே கட்டை உருளையைப் பிடிச்சுக்கும், அதுக்கப்புறம் காத்தால ஒண்ணும் பண்ண முடியாது, மிச்சத்தை வின்ச்ல (ட்ரெய்லர் முன்னாடி இருக்குற, பட்டையைச் சுத்தி இழுக்குற கருவி) இழுத்துக்கலாம். ட்ரெய்லரோட பின்னாடி ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு பிவிசி பைப் நட்டு வச்சுக்கங்க, ட்ரெய்லர் தண்ணிக்குள்ள எங்க இருக்குன்னு ஓட்டுறவருக்கு அதை வச்சுத்தான் தெரியும்.

கரைக்கு வர்றதுக்கு முன்னாடியே கூடாரத்தை மடக்கிக் கட்டிருங்க. வெயிலுக்குன்னு விரிச்சு வச்சது இப்ப பாய்மரம்.

ஆள் கணக்கு குறைஞ்சது நாலு. ஒருத்தர் போட்டுல, ஒருத்தர் டிராக்டர்ல, ரெண்டு பேர் தண்ணியில கயிறோட. அந்த ரெண்டு பேரும் காத்து வர்ற பக்கம்தான் நிக்கணும், ஒருத்தர் அணியத்துக் கயிறு, இன்னொருத்தர் பின்கயிறு. போட்டுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவுல, இல்ல காத்து தள்ளுற பக்கம், யாரும் நிக்கவே கூடாது. பழக்கமானவங்ககூட "நான் பிடிச்சுக்கறேண்ணே, நீங்க வாங்க"ன்னு அந்தப் பக்கம் போய் கையை நீட்டுவாங்க, விடாதீங்க, ஒரு டன்னை காத்து தள்ளுறப்ப கையால நிப்பாட்ட முடியாது, இடுப்பு நசுங்கிரும். தண்ணியில நடக்குறப்ப காலைத் தூக்கி வைக்காம மணல்ல தேச்சுக்கிட்டே நடங்க, திருக்கை படுத்திருந்தா அதிர்வு தெரிஞ்சு விலகிப் போயிரும், மிதிச்சாத்தான் முள்ளால அடிக்கும். சிப்பி வெட்டாம இருக்க பழைய ஷூ போட்டுக்கங்க.

இப்ப ஏத்துறது. ட்ரெய்லருக்கு நேரா வராதீங்க, காத்து வர்ற பக்கமா கொஞ்சம் தள்ளி வாங்க, காத்தே உங்களை நடுவுக்கு கொண்டு வந்து விடும். கியரைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்து வாங்க, முழு நேரமும் ஆக்சிலேட்டர்ல கை வேணாம். இடுப்பளவு தண்ணிக்கு வந்த உடனே கயிறு ரெண்டும் ஆள் கைக்குப் போயிரணும். நேரா அமையலைன்னு தெரிஞ்சா அங்கயே ரிவர்ஸ் எடுத்து வெளிய போய் மறுபடி வாங்க, கோணலா ஏறுனதை இழுத்து சரி பண்ணப் போனா உருளை நெளிஞ்சிரும். அணியம் கட்டையில ஏறுன உடனே வின்ச் கொக்கியை மாட்டிட்டு இன்ஜினை ஆஃப் பண்ணி மேல தூக்கிருங்க. இன்ஜினை முறுக்கி ஏத்துறது மணல் கரையில ரொம்ப கெட்ட பழக்கம், இன்ஜின் காத்தாடி (ப்ரொப்பெல்லர்) அடிக்கிற தண்ணி ட்ரெய்லர் சக்கரத்துக்குப் பின்னாடி குழி பறிச்சிரும், அடுத்து வர்றவரோட வண்டி அதுல போய் விழும், கடல்புல்லும் மணலும் இன்ஜின் கூலிங்குக்குள்ள போறது தனி செலவு. வின்ச் சுத்துறப்ப அந்தப் பட்டைக்கு நேரா நிக்காதீங்க, அறுந்தா மூஞ்சியிலதான் அடிக்கும்.

காத்து நிலத்துல இருந்து கடலுக்கு அடிக்கிறப்ப தண்ணி அமைதியா இருக்கேன்னு அசந்துறக் கூடாது, இன்ஜின் நின்னுச்சுன்னா போட்டு நேரா நடுக்கடலுக்குத்தான் போகும், நங்கூரம் கையெட்டுற இடத்துல இருக்கணும்.

வேற வழியே இல்லாம அலை மோதுற கரையிலதான் ஏத்தணும்னா, கரைக்கு முன்னாடியே பின்பக்கம் நங்கூரத்தைப் போட்டுட்டு கயிறைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே உள்ள வாங்க. அது பின்பக்கத்தைப் பிடிச்சு வச்சுக்கும், போட்டு குறுக்க திரும்பி அலைக்கு வயித்தைக் காட்டாது. பெரிய அலை வர்றப்ப கயிறைப் பிடிச்சு நிறுத்துங்க, ரெண்டு மூணு போன பிறகு வர்ற சின்ன இடைவெளியில கயிறை விட்டு உள்ள வாங்க. அலை முழங்காலுக்கு மேல இருந்தா அதுவும் வேணாம், தள்ளி நங்கூரம் போட்டு, ஒரு ஆளைக் காவல் வச்சுட்டு காத்து தணியட்டும்.

மேல ஏறின பிறகு வின்ச் பட்டையை மட்டும் நம்பாம அணியத்துக்கு ஒரு செயின், பின்பக்கம் ரெண்டு மூலைக்கும் பட்டை. பாம்பன் ரோட்டுப் பாலத்துல இழுத்துட்டுப் போறவங்க கூடுதலா நடுவுலயும் ஒரு பட்டை போடுங்க. பழைய ரயில் பாலத்துல காத்து மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினா ரயிலையே நிப்பாட்டி வச்சிருந்தாங்க, அப்ப பக்கத்துல ரோட்டுல ஒரு பான்டூன் எப்படி ஆடும்னு பாத்துக்கங்க. காத்து பலமா இருந்தா பாலத்துக்கு முன்னாடியே ஓரங்கட்டிருங்க.

ரோட்டுல ஏறுறதுக்கு முன்னாடி, இறக்குன காத்தை டயருக்குத் திரும்ப அடிங்க. உருளையோட பின்னாடி இருக்குற அடைப்பானைத் திறந்து தண்ணி வருதான்னு பாருங்க, வந்தா எங்கயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். அன்னைக்கே நல்ல தண்ணியில ட்ரெய்லரையும் இன்ஜினையும் கழுவணும். கரையோர போர் தண்ணி பாதி உப்பா இருக்கும், அதுல கழுவி பிரயோஜனம் இல்ல, வீட்டுல இருந்தே ரெண்டு கேன் கொண்டு வந்துருங்க, பிரேக்கும் ஹப்பும்தான் முதல்ல. மறுநாள் கிரீஸ் அடிக்கிறப்ப பழைய கிரீஸ் பால் கலர்ல வந்துச்சுன்னா உள்ள தண்ணி போயிருக்கு, ஹப்போட ரப்பர் சீல் மாத்தாம அடுத்த தடவை வண்டியை எடுக்காதீங்க.