எஸ்ஏபி லைவ் ஆன பிறகு தினமும் பார்க்க வேண்டியவை

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்கு, சரக்கு எல்லாம் ஓடும் எஸ்ஏபி மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் வந்ததும் எஸ்எம்37 (இப்படிப்பட்டவை எஸ்ஏபி-யில் ஒவ்வொரு திரையையும் திறக்கும் குறியீடுகள்) திறந்து, இரவு தானாக ஓடிய வேலைகளில் எது ரத்தாகியிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் எஸ்டி22-இல் டம்ப் (நிரல் பிழையால் பாதியில் நின்றதன் பதிவு) ஏதும் விழுந்திருக்கிறதா என்று ஒரு பார்வை.

எஸ்எம்13-ஐ மட்டும் ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். ஒருமுறை கிடங்கில் நூல் வரவு போட்ட அண்ணனுக்குத் திரையில் ஆவண எண் வந்துவிட்டது. தேடினால் அப்படி ஓர் ஆவணமே இல்லை. எல்லோரும் அவரைத்தான் சந்தேகப்பட்டார்கள். அப்டேட், அதாவது அவர் போட்டதைத் தரவுத்தளத்தில் எழுதும் வேலை, பாதியில் நின்றுபோனதை எஸ்எம்13 காட்டியது. அதனால் பயனர் சொல்வதை முதலில் நம்புங்கள். ஸ்கிரீன்ஷாட் கேட்டு வாங்கிவையுங்கள். காரணம் தெரியாமல் நின்றுபோன அப்டேட்டை மறுபடி ஓட்டவும் வேண்டாம்.

மாதம் பிறந்தால் எம்எம்பிவி-யில் சரக்குக்கும், ஓபி52-இல் கணக்குக்கும் புதிய மாதத்தைத் திறக்க வேண்டும்.

திருத்தம் எதுவானாலும் சோதனை சர்வரில் பார்த்த பிறகே லைவுக்கு. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ஜிஎஸ்டி படிவம்) கெடு 11-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் சுருக்கப் படிவம்) கெடு 20-ஆம் தேதி. சரி, இந்த இரண்டு கெடுவும் முடியும்வரை இன்வாய்ஸ் பக்கம் எந்த மாற்றத்தையும் நான் ஏற்றுவதில்லை, யார் கேட்டாலும்.