வெளிநாட்டு நாவல் நம்ம கரைக் கதையாகத் தெரியும்போது கட்டுரை எழுதுவது எப்படி?

கீழக்கரையிலோ தொண்டியிலோ உட்கார்ந்து அப்துல்ரசாக் குர்னாவின் ‘பாரடைஸ்’ (1994) நாவலைப் படித்தால், சீக்கிரமே ‘இது நம்ம ஊர்க் கதையாச்சே’ என்று தோன்றிவிடும். கடல் வியாபாரம், முதலாளியிடம் பட்ட கடன், மகனை வெளியூருக்கு அனுப்பும் வீடு. வாசிக்க இந்த நெருக்கம் நல்லது. கட்டுரை இங்கேதான் தரைதட்டும்.

முதல் வாசிப்பில் பென்சில் வேண்டாம். இரண்டாவதில் நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: பக்க எண், நடப்பது, அது யார் வழியாக நமக்குத் தெரிகிறது. மூன்றாவது கட்டம் காலியாகக் கிடந்தால் கதைச்சுருக்கம்தான் மிஞ்சும்.

உதாரணத்துக்கு, நாவலின் நாயகன் யூசுப் 12ஆம் வயதில் வியாபாரி அஜீஸோடு கிளம்புகிறான். அவரை மாமா என்றே நினைத்திருக்கிறான். அப்பாவின் கடனுக்கு ஈடாக வந்திருக்கிறோம் என்பது கடையில் இருக்கும் கலீல் சொல்லித்தான் தெரிகிறது. கதைசொல்லி முந்திக்கொண்டு உடைப்பதில்லை. நமக்கும் மெல்லத்தான் உறைக்கிறது. இதைக் குறித்து வைத்திருந்தால் வாதம் கிடைத்துவிடும்: ‘உறவுமுறைக்குள் ஒளிந்திருக்கும் அடிமைத்தனத்தைக் காட்ட, சிறுவனின் அறியாமைக்குள்ளேயே வாசகரையும் நிறுத்துகிறது நாவல்.’ இதை ஒருவர் மறுத்துப் பேசலாம். ‘காலனியக் கொடுமையை அழகாகச் சொல்கிறது’ என்பதை யார் மறுக்கப் போகிறார்கள்? அது வாதமே இல்லை.

1,500 சொல் கட்டுரைக்குப் பின்னணி 150 சொல் போதும்: முதல் உலகப் போருக்கு முந்தைய கிழக்கு ஆப்பிரிக்கா, ஜெர்மானியர் ஆதிக்கம், கரையிலிருந்து உள்நாடு போகும் வணிகக் கூட்டங்கள். மேற்கோள் ஐந்து, தலா இரண்டு வரி. ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு வரியாவது உங்கள் விளக்கம். நாவல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. நீங்களே மொழிபெயர்த்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

ஆசிரியர் வரலாறு அளவோடு. குர்னா 1948இல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில் பிறந்தவர்; 2021இல் நோபல் பெற்றார். 1964 ஜனவரியில் அங்கே புரட்சி, டிசம்பரில் இங்கே தனுஷ்கோடிப் புயல். முடிச்சுப் போடக் கை துறுதுறுக்கும். ஆண்டு ஒன்று, அவ்வளவுதான். விட்டுவிடுங்கள்.

ஒப்பீடு எழுதியே தீர வேண்டுமென்றால் கடைசி மூன்றில் ஒரு பகுதிக்குத் தள்ளுங்கள். ஒற்றுமைகளை அடுக்க வேண்டாம், எங்கே ஒட்டவில்லை என்று பாருங்கள். நம்ம கரையில் விசைப்படகு வேலைக்கு முன்பணம் வாங்குகிறவர் தன் கையால் வாங்குகிறார். யூசுப் தான் வாங்காத கடனுக்கு ஈடாக நிற்கிறான். இந்த வித்தியாசத்தை விளக்கவே இரண்டு பத்தி பிடிக்கும்.